குறி வைப்பது கையா, கருவியா?

கம்ப்யூட்டரில் ஆடும் துப்பாக்கிச் சண்டை இன்று வெறும் பொழுதுபோக்கு அல்ல. பரிசுப் பணத்துக்கு நடக்கும் பந்தயம் ஆகிவிட்டது. இந்தியாவிலேயே 2022-ல் செல்போன் துப்பாக்கி ஆட்டப் போட்டி ஒன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பணம் புழங்கும் இடத்தில் நியாயம் வேண்டும். அங்கேதான் சிக்கல்.

ஒரே களத்தில் இருவர் மோதுகிறார்கள். ஒருவர் கையில் மௌஸ். மற்றவர் கையில் கண்ட்ரோலர். மௌஸ்காரர் மணிக்கட்டையும் முழங்கையையும் அசைத்துக் குறி வைக்கிறார். கண்ட்ரோலர்காரருக்குக் கட்டை விரல் ஒன்றுதான் துணை. சின்னக் குச்சியைத் தள்ளி நுட்பமாகக் குறி வைப்பது எளிதல்ல. ஆகவே ஆட்டமே அவருக்குக் கைகொடுக்கிறது. குறி எதிரிமேல் வந்ததும் அதன் வேகம் தானாகக் குறைகிறது. எதிரி நகர்ந்தால், சில ஆட்டங்களில் குறியும் கூடவே கொஞ்சம் திரும்புகிறது. இதற்கு 'எய்ம் அசிஸ்ட்' என்று பெயர்.

கண் இமைக்கும் நேரம்

உதவி தருவது தவறல்ல. அளவில்தான் தகராறு. எதிரி திசை மாறியதைக் கண்டு கை அசைய, மனிதனுக்கு ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். கருவிக்கு அந்தத் தாமதம் இல்லை. நெருங்கி நின்று சுடும்போது அந்த இடைவெளியே வெற்றியைத் தீர்மானிக்கிறது. தூரத்தில் இருப்பவனைச் சுடுவதென்றால் மௌஸ்தான் ராஜா. இரு தரப்பும் மாறி மாறிக் குறை சொல்வதில் வியப்பில்லை.

2024-ல் 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' ஆட்டத்தின் கம்ப்யூட்டர் களங்களில் இந்த உதவியை 25 சதவீதம் குறைத்தார்கள். அதே ஆண்டு 'வாலரன்ட்' கண்ட்ரோலருக்கு வந்தபோது, கம்ப்யூட்டர்காரரோடு சேர்க்காமல் தனிக் களமே அமைத்தார்கள். 'பப்ஜி மொபைல்' ஆட்டத்திலும், கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு ஆடுவோரைச் செல்போன்காரரிடமிருந்து பிரித்தார்கள்.

திருட்டு வழி

இன்னொரு கூட்டமும் உண்டு. மௌஸால் ஆடிக்கொண்டே, கண்ட்ரோலர் என்று ஆட்டத்தை நம்பவைக்கும் கருவியை மாட்டுகிறார்கள். மௌஸின் நுட்பமும் வேண்டும், உதவியும் வேண்டும் என்ற பேராசை! 2023-ல் 'ரெயின்போ சிக்ஸ் சீஜ்' ஆட்டத்தில் இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் கை அசைவு தாமதமாகவே போய்ச் சேரும்படி செய்தார்கள். சரியான தண்டனை.

தனித்தனியே பிரித்தால் ஆட ஆள் கிடைக்காது, நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்பார்கள். நண்பர்கள் சேர்ந்து ஆட முடியாது என்பார்கள். உண்மைதான். நேரம் போக்க ஆடுவோர் கலந்தே ஆடட்டும். ஆனால் பரிசுக்கும் தரவரிசைக்கும் ஆடும்போது பிரிவு தனியாக இருக்க வேண்டும். பிரிக்கவே முடியாத இடத்தில், உதவி எவ்வளவு என்பதை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

மல்யுத்தத்தில் எடை பார்த்துத்தானே ஜோடி சேர்க்கிறார்கள்? வேலை முடிந்து அறைக்கு வந்து, இரவெல்லாம் பழகும் இளைஞனுக்கு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஒரு கருவிதான் இருக்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் கருவி மாற்ற அவனால் முடியாது. தோற்றால் தன் கை தோற்றது என்று அவன் மனம் ஒப்பவேண்டும். கருவி தோற்கடித்தது என்று சொல்ல இடம் இருக்கக் கூடாது.