முழங்கால் தேய்ந்தது பணியால் இல்லையா? ராணுவ பென்ஷன் மறுப்பை எதிர்த்து எப்படி மேல்முறையீடு செய்வது?

ராணுவத்தில் இருந்து வந்த அப்பாவுக்கோ மாமாவுக்கோ பேப்பர் வேலைகளைப் பார்ப்பது நீங்கள்தான் என்றால், முதலில் அவருடைய மருத்துவ வாரிய அறிக்கையை எடுங்கள். அதில் 'நானா' என்று இருக்கிறதா? பாதிப்பு பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அப்படி எழுதிவிட்டால் டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது, முழங்கால் எவ்வளவு வலித்தாலும் சரி.

விதி கேட்பது இரண்டு விஷயம்: பணியோடு தொடர்பு, குறைந்தது 20 சதவீத பாதிப்பு. சிக்கல் முதலாவதில்தான். பயிற்சியில் விழுந்து லிகமென்ட் கிழிந்தால் தேதி இருக்கும், காய அறிக்கை இருக்கும். 15 வருடம் சுமையோடு மலை ஏறி இறங்கித் தேய்ந்த மூட்டுக்கு எந்தத் தேதியைக் காட்டுவது? 'வயசானா வர்றதுதானே' என்பதுபோல ஒரே வரியில் முடித்துவிட வாய்ப்பு உண்டு.

அந்த ஒரு வரியைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். பணியில் சேரும்போது குறிக்கப்படாத நோய் பிறகு வந்தால் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், வாரியம் காரணம் எழுத வேண்டும் என்றது தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2008 விதிகளில் அந்தப் பொதுவான அனுமானம் இல்லை என்று அரசு வாதிடும். ஆனாலும் காரணம் எழுதும் கடமை போய்விடவில்லை என்கிறது டெல்லி உயர் நீதிமன்றம். 2025 ஜூலையில் அரசின் சுமார் 300 மனுக்களை அது தள்ளுபடி செய்தது. அதனால் வலியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவதைவிட 'காரணம் எங்கே?' என்று கேளுங்கள். சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பதிவு, ராணுவ மருத்துவமனைச் சீட்டுகள், எங்கெங்கே போஸ்டிங் என்ற விவரம் மூன்றையும் இணையுங்கள்.

லீவில் வந்தபோது ஸ்கூட்டரில் விழுந்த முழங்கால் என்றால் கதை வேறு. ஜுஜார் சிங் வழக்கில் (2011) அப்படிப்பட்ட விபத்துக்கு உச்ச நீதிமன்றம் பென்ஷன் தரவில்லை.

முதல் மேல்முறையீட்டுக்கு 6 மாதம் அவகாசம். அடுத்து இரண்டாவது மேல்முறையீடு. அதிலும் மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம்; சென்னையிலும் அமர்வு உண்டு. மேல்முறையீட்டுக்குப் பதிலே வராமல் 6 மாதம் ஓடினாலும் அங்கே போகலாம். தீர்ப்பாயத்தில் தோற்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

பல வருடம் ஆகிவிட்டதா? தர்சேம் சிங் 1983-ல் வெளியேறி 1999-ல்தான் நீதிமன்றம் போனார். பென்ஷன் கிடைத்தது. நிலுவைத் தொகை மட்டும், வழக்குப் போட்டதற்கு முந்தைய சுமார் 3 வருடத்துக்குத்தான். அதற்கு முந்தைய பணம் போனது போனதுதான்.