வெறுங்காலின் மேல் போட்ட பழி

போன சாரலின்போது தென்காசிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வினாடி வினா நடந்தது. என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே குற்றால மலை முழுக்க மேகத்துக்குள் போயிருந்தது. "1950 உலகக் கோப்பைக் கால்பந்தில் இந்தியா ஏன் ஆடவில்லை?" என்றொரு கேள்வி வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "நம்ம ஆளுகளே அனுப்பாம விட்டுட்டாங்க சார்" என்றாள். தப்பு என்று மணியை அடித்தார்கள். கேள்வி அடுத்த அணிக்குப் போனது. "வெறுங்காலோட ஆடக்கூடாதுன்னு ஃபிஃபா தடை போட்டுருச்சு" என்றான் ஒரு பையன். பத்து மதிப்பெண். அரங்கமே கை தட்டியது.

முடிந்ததும் நடத்தியவரைத் தனியே பார்த்து, அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி என்றேன். "புக்குல அப்படித்தான போட்டுருக்கு, அண்ணாச்சி" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 1986இல் மெக்சிகோ ஆட்டங்களைப் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் தெருப் பெரியவர் ஒருவர் இதையேதான் சொன்னார். "நம்மளும் போயிருக்க வேண்டியதுதாம்லே. காலுல பூட்ஸ் இல்லாமப் போச்சு." நானும் பல வருஷம் அதை நம்பினேன், மற்றவர்களுக்கும் சொன்னேன்.

அது பொய். அது யாரைக் காப்பாற்றுகிறது, யார் மேல் சேற்றை அள்ளி வீசுகிறது என்று தெரிந்தபின் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஒரே ஒரு தேதி போதும், இந்தக் கதை நிற்காது. 1952 ஜூலை 15. ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோஸ்லாவியாவுடன் ஆடி 10-1 என்று தோற்றது. அந்தக் குளிரில் நம் ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். ஒலிம்பிக் கால்பந்தும் ஃபிஃபா விதிகளின்படி ஆடப்பட்டதுதான். 1950இலேயே வெறுங்காலுக்குத் தடை வந்திருந்தால், இரண்டு வருஷம் கழித்து அவர்களை யார் மைதானத்துக்குள் விட்டார்கள்? பூட்ஸ் கட்டாயம் என்ற முடிவை இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் எடுத்தது அந்தத் தோல்விக்குப் பிறகுதான். அதாவது உத்தரவு போட்டது ஐரோப்பாக்காரன் இல்லை, நாமே. அதுவும் உலகக் கோப்பை முடிந்து போன பின்னால். நடுவில், 1951 மார்ச்சில், டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினோம். கோல் போட்டவர் சாகு மேவாலால். அங்கேயும் வெறுங்கால்கள் ஓடின, யாரும் விசில் ஊதி நிறுத்தவில்லை.

தடை வந்தது 1948 லண்டன் ஒலிம்பிக்கைப் பார்த்துவிட்டு என்று சிலர் சொல்வார்கள். அந்த ஆட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. ஜூலை 31, லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டு மைதானம், எதிரே பிரான்ஸ். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத நாட்டின் அணி. நாகா மலையிலிருந்து வந்த தலிமேரன் ஆவ் அணித்தலைவர். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகின. கடைசி நிமிஷத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று தப்பித்தது. அந்த இரண்டு பெனால்டிகளில் ஒன்று உள்ளே போயிருந்தால் கதை வேறு. தோற்றுத் திரும்பிய அணியை லண்டன் ஜனங்கள் கொண்டாடினார்கள். பாதிக்கு மேல் வெறுங்கால்; சிலர் பூட்ஸும் போட்டிருந்தார்கள்.

அந்தச் சிலரை நாம் மறந்துவிடுகிறோம். பூட்ஸ் என்பது இந்தியா கண்ணால் காணாத பொருள் என்பதுபோலப் பேசுகிறோம். 1911இல் கிழக்கு யார்க்‌ஷயர் ராணுவ அணியை 2-1 என்று வீழ்த்தி ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கிய மோகன் பகானில் பத்துப் பேர் வெறுங்கால், சுதிர் சாட்டர்ஜி ஒருவர் மட்டும் பூட்ஸ். 1934 முதல் 1938 வரை கல்கத்தா லீக்கைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் அணியினர், மழை பெய்து தரை நனைந்த நாட்களில் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். அதுவரை மழை என்றால் வெள்ளைக்கார ராணுவ அணிகளுக்குக் கொண்டாட்டம். நம்மவர்கள் வழுக்கி விழுவார்கள், அவர்கள் ஆணி பதித்த பூட்ஸோடு நின்று ஆடுவார்கள். அந்த அனுகூலத்தை முகமதன் பிடுங்கிக்கொண்டது.

இந்த ஊரில் வளர்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூன், ஜூலையில் ஐந்தருவிப் பக்கம் மைதானத்தில் பந்து உதைத்தவர்களைக் கேளுங்கள். காய்ந்த தரையில் வெறுங்காலுக்குப் பந்து சொன்னபடி கேட்கும். பெருவிரலின் பக்கவாட்டில் தொட்டு, எங்கே வேண்டுமோ அங்கே நிறுத்தலாம். சாரலில் ஊறிய தரையில் அதே கால் திரும்புமுன் நம்மை விட்டுவிட்டு முன்னால் போய்விடும். தோல் பந்து தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனக்கும். எந்தத் தரைக்கு எந்தக் கால் என்று ஆடுகிறவனுக்குத் தெரியும். வெறுங்கால் ஆட்டம் ஒரு முறை, ஒரு பயிற்சி. அதை ஏழ்மையின் அடையாளமாக மட்டும் பார்ப்பது, மைதானத்தில் ஒருநாளும் இறங்காதவர்களின் பார்வை.

சரி, 1950இல் நடந்தது என்ன? ஆசியாவுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பர்மா, பிலிப்பைன்ஸ் எல்லாம் விலகிக்கொள்ள, ஒரு தகுதி ஆட்டம்கூட ஆடாமல் இந்தியாவுக்கு அந்த இடம் கிடைத்தது. மே மாதம் பிரேசிலில் குழு பிரித்தபோது சுவீடன், இத்தாலி, பராகுவே ஆகிய மூன்றோடு நம் பெயரும் எழுதப்பட்டது. போய்வரும் செலவில் பெரும்பகுதியைத் தாமே ஏற்பதாகப் போட்டியை நடத்திய பிரேசில்காரர்கள் சொன்னார்கள். ஆகவே, 'காசில்லை' என்ற உபகதையும் நிற்காது. அதற்குப் பின்னும் சம்மேளனம் அணியை அனுப்பவில்லை. அது அன்று வெளியே சொன்ன காரணங்கள் இரண்டு: அணித் தேர்வில் ஒத்துப்போகாமை, பயிற்சிக்கு அவகாசமின்மை. அந்த இரண்டில் எங்கேயும் பூட்ஸ் இல்லை. மறுத்தவர்களே சொல்லாத காரணத்தை நாம் எழுபது வருஷத்துக்கு மேலாக அவர்களுக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உள்ளே இருந்த காரணங்களும் புரியாதவை அல்ல. உலகக் கோப்பை அன்று இன்றைய உலகக் கோப்பை இல்லை. பிரேசிலுக்குப் போயிருந்தால் அணித்தலைவராக இருந்திருக்கக்கூடிய சைலன் மன்னாவே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்: அன்றைக்கு எங்களுக்கு ஒலிம்பிக்தான் எல்லாம், உலகக் கோப்பையைப் பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது என்ற பொருளில். பணம் வாங்கி ஆடுகிறவர்களோடு ஆடினால் நம் ஒலிம்பிக் தகுதி கெடுமோ என்ற பயமும் இருந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பயத்துக்கு நம் குழுவிலேயே பதில் இருந்தது. சுவீடன், இத்தாலியில் சம்பளத்துக்கு ஆடிய தன் பெரிய ஆட்டக்காரர்களையெல்லாம் விட்டுவிட்டு, சம்பளமில்லாமல் ஆடுகிறவர்களை மட்டும் கூட்டிக்கொண்டு பிரேசில் போனது. மூன்றாம் இடம் வாங்கியது. இரண்டு வருஷம் கழித்து அதே சுவீடன் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் வெண்கலமும் வாங்கியது.

என் கணிப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரேசிலில் ஆட்டங்கள் நடந்தது ஜூன் 24 முதல் ஜூலை 16 வரை. கல்கத்தாவில் அதுதான் உச்சப் பருவம், மழையோடு மழையாக லீக் ஓடிக்கொண்டிருக்கும் காலம், ஐ.எஃப்.ஏ. ஷீல்டுக்கு ஆயத்தமாகும் காலம். மைதான் ஓரத்தில் டிக்கெட்டுக்கு வரிசை நிற்கும் நாட்களில் எந்தப் பெரிய கிளப் தன் முதல் பதினொருவரைக் கப்பலேற்றும்? 'அணித் தேர்வில் ஒத்துப்போகாமை' என்ற சொற்களுக்குள் இந்த இழுபறியும் ஒளிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். தவிர, உள்ளூரில் 70 நிமிஷ ஆட்டம், வெளியே 90. அந்தக் கூடுதல் இருபது நிமிஷத்துக்கு உடம்பைப் பழக்க மாதக்கணக்கில் முகாம் போட வேண்டும். முகாம் போட்டால் லீக் நிற்கும்.

அந்தப் பருவத்தைக் கொஞ்சம் நின்று பார்த்தால்தான் இழந்தது என்னவென்று தெரியும். 1950இல் கல்கத்தா லீக்கும் ஷீல்டும் ஈஸ்ட் பெங்காலுக்கு. அந்த அணியின் தாக்குதல் வரிசையை வங்காளிகள் பஞ்ச பாண்டவர் என்று அழைத்தார்கள்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேருமே தெற்கிலிருந்து போனவர்கள். எங்கோ வடகிழக்கில் பிறந்த ஒரு கிளப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது நம் பக்கத்துக் கால்கள். போரும் பிரிவினையும் நிறுத்திவைத்திருந்த டியூரண்டு கோப்பை அதே ஆண்டு மறுபடி தொடங்கியது. இறுதியில் மோகன் பகானை வென்று அதை எடுத்துக்கொண்டது ஹைதராபாத் நகரப் போலீஸ். பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையும் அவர்களுக்கே. அந்த ஆண்டு தொடங்கி தொடர்ந்து ஐந்து முறை. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். பின்னால் 1956இல் மெல்போர்னில் இந்தியாவை ஒலிம்பிக் நான்காம் இடத்துக்கும், 1962இல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கத்துக்கும் கொண்டு போனவர். இத்தனையும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டில். பிரேசிலில் கோப்பையை வென்றிருப்போம் என்று நான் சொல்லவில்லை. முந்தைய ஆண்டு மே மாதம்தான் விமான விபத்தில் தூரின் அணியைப் பறிகொடுத்த இத்தாலி, சம்பள ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு வந்த சுவீடன், பராகுவே. இவர்களோடு மோதிப் பார்க்கக்கூட நமக்குத் தகுதி இல்லை என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன்.

இப்போது அந்தப் பொய்யின் வேலையைப் பாருங்கள். முடிவெடுத்த அறையின் கதவைச் சாத்திவிட்டு, ஆடிய காலைக் காட்டுகிறது. 'தடை போட்டான் வெளிநாட்டான்' என்று சொன்னதும் நமக்கு ரோஷம் வருகிறது. 'பாவம், பூட்ஸ் இல்லை' என்றதும் கண் கலங்குகிறது. இரண்டு உணர்ச்சியும் இனிக்கிறது, அதனால்தான் இது வாய் வாயாகப் பரவுகிறது. ரோஷத்துக்கும் இரக்கத்துக்கும் நடுவில், அணியை அனுப்பாதவர்கள் கேள்வியே இல்லாமல் நழுவிவிடுகிறார்கள். பழி விழுவது ஆட்டக்காரன் மேல். பிரான்ஸை அலற வைத்தவனும், ஈரானை வென்றவனும், செருப்புப் போடத் தெரியாத அப்பாவியாகப் பிள்ளைகளின் புத்தகத்தில் நிற்கிறான்.

துளசிதாஸ் பலராமை எடுத்துக்கொள்ளுங்கள். செகந்திராபாத் பக்கம், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். புது பூட்ஸ் வாங்க வழியில்லாத வீடு. போலீஸ்காரர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸிலிருந்து செருப்புத் தைக்கிறவர் செய்து கொடுத்ததைப் போட்டுக்கொண்டு ஆடத் தொடங்கியவர். அவர் மெல்போர்னுக்கும் ரோமுக்கும் ஜகார்த்தாவுக்கும் போனார். வறுமை அவரை நிறுத்தவில்லை. ஒருவன் பூட்ஸுக்கு வழி கண்டுபிடித்துக்கொள்வான். அவனைக் கூட்டிக்கொண்டு போகாத நிர்வாகத்துக்கு அவனால் வழி கண்டுபிடிக்க முடியாது. 2022 ஆகஸ்டில் நம் சம்மேளனத்தை ஃபிஃபா சில நாட்கள் இடைநீக்கம் செய்தது. அதற்கும் மைதானத்தில் ஓடியவர்கள் காரணம் இல்லை.

நம் பெயர் இருந்த அந்தக் குழுவில் ஆறு ஆட்டம் நடந்திருக்க வேண்டும். ஜூன் 25இல் சுவீடன் இத்தாலியை 3-2 என்று வென்றது. ஜூன் 29இல் சுவீடனும் பராகுவேயும் 2-2. ஜூலை 2இல் இத்தாலி பராகுவேயை 2-0. மூன்றோடு குழு முடிந்துவிட்டது. மற்ற மூன்றும் இந்தியா ஆடியிருக்க வேண்டியவை.

வினாடி வினா முடிந்த மறுவாரம் ஒரு தாளில் இதையெல்லாம், தேதிகளோடு, எழுதிக்கொண்டு போய் அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றபடியே முழுவதையும் படித்தாள். அவளுடைய அண்ணன் பந்து ஆடுகிறவனாம், அவன்தான் இவளுக்குச் சொல்லியிருக்கிறான். தாளை மடித்து வைத்துக்கொண்டு, "அப்ப அதுக்கப்புறம் ஏன் சார் போகல?" என்று கேட்டாள். பூட்ஸ் கதையை நம்பிய வரைக்கும் எனக்குத் தோன்றாத கேள்வி அது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா களமிறங்கி ஆடியதே 1985இல்தான் என்றேன். அவள் விரல் விட்டு எண்ணினாள்.

"முப்பத்தஞ்சு வருஷமா சார்?"