வண்டி இல்லாதவருக்குப் பங்கு எங்கே?

2022 ஜூன் இறுதியில் இலங்கை அரசு, அத்தியாவசியச் சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பதை நிறுத்தியது. ஜூலையில் க்யூஆர் பதிவு வந்தது. வாரத்துக்குக் காருக்கு 20 லிட்டர், ஆட்டோவுக்கு 5, பைக்குக்கு 4. நாள்கணக்கில் நீண்ட வரிசைகள் குறைந்தன. அதை மறுக்கவில்லை.

ஆனால் தோழர்களே, அந்தப் பங்கீடு மனிதருக்கு அல்ல, வண்டிக்கு.

மலையகத் தேயிலைத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். அங்கே உழைப்பவர்களில் பெரும்பகுதி, தமிழகத்துச் சேரிகளிலிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட நம் மக்களின் வாரிசுகள். லயத்தில் சொந்த வண்டி அரிது. நள்ளிரவில் பிரசவ வலி வந்தால் பக்கத்து ஆட்டோதான் கதி. மலைப்பாதையில் ஏறி இறங்க, அந்த ஆட்டோவுக்கு வாரம் முழுவதற்கும் 5 லிட்டர்!

ஏழைகள் காசு கொடுத்து வாங்கும் எரிபொருள் மண்ணெண்ணெய். அதே ஆகஸ்டில் அதன் விலை லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அடுப்புக்கும் விளக்கும் மட்டுமல்ல, சிறு மீனவரின் படகு எஞ்சினுக்கும் அதுதான் உயிர்.

தட்டுப்பாடு எல்லோருக்கும் பொது என்பார்கள். எந்த நாட்டில் பங்கீடு வந்தாலும் முதலில் கேளுங்கள்: கணக்கெடுப்பில் வண்டி இல்லாதவர் இருக்கிறாரா? பேருந்துக்கும், ஆம்புலன்சுக்கும், மண்ணெண்ணெய்க்கும் முதலிடம் உண்டா? இல்லையென்றால், அது வசதியுள்ளவர்களுக்கான பங்கீடு.

ஜெய் பீம்.