கோலின்மேல் அமர்ந்த மனிதர்



புகைப்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று கலை பயிலும் வழக்கம் இன்று நம் இளைஞரிடையே பரவி வருகின்றது. தேர்ந்த கலைஞர் ஒருவர் பத்துப் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு காசிக்கோ, லடாக்கிற்கோ, கடல் கடந்தோ செல்வார். விடியலில் படமெடுப்பு, நண்பகலில் எடுத்தவற்றைப் பற்றிய ஆய்வு, மாலையில் மீண்டும் படமெடுப்பு. இப்பயிலரங்குகளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஒளியை உற்றுநோக்கக் கற்றவன் உலகையும் சற்றே உற்றுநோக்குவான் அன்றோ? ஆயினும் ஒரு செய்தி நம் உள்ளத்தை உறுத்துகின்றது.

இலங்கையின் தென்கரையில், காலிக்கும் வெலிகமவிற்கும் இடையே கொக்கல என்றோர் ஊர் உண்டு. அங்கே கரையோரக் கடலில் நட்ட ஒற்றைக் கோலின் குறுக்குக் கட்டையில் அமர்ந்து தூண்டிலிடும் மீனவரின் படத்தை நம்மில் பலர் நாட்காட்டியிலேனும் கண்டிருப்போம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தோன்றியதாகக் கருதப்படும் இம்முறையில் கிடைப்பவை சிறு மீன்களே. இன்று அக்கோல்களில் ஏறுவோருள் பலர் மீனுக்காக ஏறுவதில்லை. படமெடுக்க வருவோர் தரும் பணத்திற்காகவே ஏறுகின்றனர்.

இஃது ஏமாற்று எனச் சிலர் சினக்கின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஓவியன் முன் அமர்பவர் கூலி பெறுவதில்லையா? உப்புக் காற்றில், ஒரு சாண் கட்டையின்மேல் அமர்ந்திருப்பதும் உழைப்பே.

பொய் இருப்பது வேறிடத்தில். அலைகள் பனிமூட்டம்போல் தோன்ற வேண்டுமாயின், கருவியின் ஷட்டரைச் சில வினாடிகள் திறந்துவைக்க வேண்டும் எனப் பயிலரங்கில் கற்பிப்பர். அவ்வளவு நேரமும் கோலின்மேல் இருப்பவர் அசையலாகாது; அசைந்தால் உருவம் கலங்கிவிடும். மெய்யாகவே மீன் பிடிப்பவரோ தூண்டிலை வீசுவதும் இழுப்பதுமாக இருப்பார். ஆகவே, பனிபோன்ற அலைகளின் நடுவே சிலைபோல் அமர்ந்திருப்பவர் அவ்வேளையில் மீன் பிடிக்கவில்லை என்பதற்கு அப்படமே சான்று. அதற்குச் சட்டமிட்டு, ‘தொழிலில் மூழ்கிய மீனவர்’ என அடியில் எழுதுகின்றனரே, அவ்வரியே பொய். அதை எழுதியவர் கோலின்மேல் இருந்தவரல்லர்.

சீனாவின் லீ ஆற்றில், மூங்கில் தெப்பத்தில் விளக்கோடும் நீர்க்காகங்களோடும் நிற்கும் முதியவர்களின் படங்களும் பெரும்பாலும் இவ்வகையினவே.

கூலி பேச முன்வராத ஊர்களும் உண்டு. ஜப்பானின் கியோத்தோ நகரில் கியோன் என்னும் பகுதியில், தொழிலுக்குச் செல்லும் கெய்ஷா மங்கையரை வழிமறித்துப் படமெடுப்போரின் தொல்லை பெருகிற்று. 2019இல், தனியார் சந்துகளில் படமெடுத்தால் 10,000 யென் தண்டம் என்று பலகை வைத்தனர். அதற்கும் அடங்கவில்லை. 2024இல் அச்சந்துகளில் வெளியார் நுழைவதையே தடை செய்தனர். ஒரு படத்திற்காக ஒரு தெருவே மூடிக்கொண்டது!

உங்கள் மகனோ மகளோ இத்தகைய பயணத்திற்குப் பணம் கேட்டால் மறுக்க வேண்டா. கட்டணத்தைச் செலுத்துமுன் அமைப்பாளரிடம் சிலவற்றைக் கேட்டறியச் சொல்லுங்கள். அமர்பவருக்கு இதிலிருந்து எவ்வளவு போய்ச் சேரும்? எடுத்த படங்களில் ஒன்றேனும் அவர் வீட்டிற்கு அனுப்பப்படுமா? அவருடைய பெயரைக் கேட்டு யாரேனும் குறித்துக்கொள்கின்றனரா?