பரிசோதித்தோம் என்கிறார்கள், பிறகு?

மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில் இத்தனை லட்சம் பெண்கள் பயன்பெற்றனர் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அதில் ஊரில் எத்தனை பேர், சேரியில் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் இல்லை.

30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்றவர் கையால் தொட்டுப் பார்த்து மார்பில் கட்டி உண்டா என்று அறிய வேண்டும். 2016இல் மத்திய அரசு வகுத்த வழிமுறை இது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்குள் ஒருமுறையேனும் இச்சோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 5.6 விழுக்காடுதான். இந்திய அளவில் அதுவும் இல்லை, 0.9.

கையால் பார்ப்பதுதானே என்று தள்ள வேண்டாம். மும்பைக் குடிசைப் பகுதிகளில் சுமார் 1.5 லட்சம் பெண்களிடம் டாட்டா நினைவு மருத்துவமனை 20 ஆண்டு நடத்திய ஆய்வில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்த இதே சோதனை 50 வயதைத் தாண்டியவர்களின் மார்பகப் புற்றுநோய் மரணத்தைச் சுமார் 30 விழுக்காடு குறைத்தது. (அதற்குக் குறைந்த வயதினரிடம் அப்படிக் குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.)

தொட்டுச் செய்யும் சோதனை என்பதால்தான் நமக்குக் கூடுதல் கேள்வி. நம் வீட்டுத் தண்ணீர்ச் சொம்பைத் தொடத் தயங்கும் கை, நம் பெண்களை முறையாகச் சோதிக்கிறதா? இல்லை, வாசலில் நின்று "கட்டி கிட்டி இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறதா? எல்லாச் செவிலியரையும் சொல்லவில்லை.

உலக சுகாதார நிறுவனம் தலைகளை மட்டும் எண்ணச் சொல்லவில்லை. நோயாளிகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் முதல் இரண்டு நிலைகளிலேயே கண்டறியப்பட வேண்டும், மருத்துவமனைக்கு வந்த 60 நாளுக்குள் நோய் உறுதியாக வேண்டும், 80 விழுக்காட்டினர் சிகிச்சையை முடிக்க வேண்டும் என்கிறது. களையெடுக்கப் போகும் பெண்ணுக்கு மேமோகிராம் ஒருநாள், ஊசிச் சோதனை ஒருநாள், முடிவு வாங்க ஒருநாள். ஒவ்வொன்றும் ஒருநாள் கூலி. காப்பீட்டு அட்டை சிகிச்சைக்கு உதவும், போன கூலியைத் தராது. அவர் பாதியில் நின்றுபோனாலும் 'பரிசோதிக்கப்பட்டவர்' பட்டியலில் அவர் பெயர் இருக்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவுக்கு 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் இல்லை. குடியிருப்பு வாரியாக எத்தனை பேரைச் சோதித்தீர்கள், எத்தனை பேரை மேல்சோதனைக்கு அனுப்பினீர்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், எந்த நிலையில் நோய் தெரிந்தது? மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு நம் கல்லூரிப் பிள்ளைகள் எழுதிக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. 'அப்படிப் பதிவு இல்லை' என்று வந்தால், அந்தத் தாளை அடுத்த கிராம சபையில் வாசிப்போம்.