கோழிக்குஞ்சுத் திருடனா?



மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் அடிபட்ட பருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தான். முதல் நாள் மாலை, லயத்துக்குப் பின்னால் தாழ்ந்த கிளையில் களைத்து உட்கார்ந்திருந்ததை லாஸ்டிக்கால் அடித்திருக்கிறான். "குஞ்சு திருட வந்துச்சு சார், அம்மாதான் வெரட்டச் சொன்னாங்க" என்றான் பெருமையாக. மதியத்துக்குள் அது இறந்துவிட்டது.

படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அது தேன்பருந்து என்று எனக்கே தெரிந்தது. எத்தனையோ வருடம் இந்தத் தோட்டங்களில் பாடம் நடத்தியும், எல்லாப் பருந்தையும் ஒரே பருந்தாகத்தான் நானும் நினைத்திருந்தேன். தேன்பருந்தின் முக்கிய உணவு கோழிக்குஞ்சு அல்ல. குளவிக்கூட்டையும் தேன்கூட்டையும் பிய்த்து, உள்ளேயிருக்கும் புழுக்களைத் தின்னும். செம்பனையில் மட்டை வெட்டும்போது குளவியிடம் கொட்டு வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கெல்லாம் இது உறவுக்காரப் பறவை அல்லவா?

அடுத்த ஞாயிறு அந்தப் பையனையும் அவன் அம்மாவையும், இன்னும் மூன்று குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானுக்குப் போனேன். நம் நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் அந்த முனை மலாக்காவைச் சேர்ந்தது. அங்கிருந்து சுமத்ரா பக்கத்து ரூப்பாட் தீவு சுமார் 38 கிலோமீட்டர்தான். இத்தகைய பெரிய பருந்துகள் இறக்கையை அடித்துக்கொண்டே நெடுந்தூரம் பறப்பதில்லை. வெயிலில் சூடாகித் தரையிலிருந்து எழும் காற்றில் ஏறி மிதந்து போகும். கடல்மேல் அந்தக் காற்று சரியாகக் கிடைக்காது. ஆகவே கடல் குறுகிய இடமாகப் பார்த்துத் தாண்டுகின்றன. சுமத்ராவிலும் ஜாவாவிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, சைபீரியா, ஜப்பான் வரை குஞ்சு பொரிக்கப் போகிற வழி இது. மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டு இங்கே பருந்து பார்க்கும் விழாவைத் தொடங்கியது.

கலங்கரை விளக்கத்தருகே நின்றோம். பதினொரு மணிக்கு மேல் கடல் பக்கம் ஒரு புள்ளி தெரிந்தது, பிறகு நான்கு, பிறகு எண்ண முடியாத அளவு. கரையை நெருங்கும்போது சில மரத்தலைக்குச் சற்று மேலே, மிகத் தாழ்வாக வந்தன. "எம்மாந் தூரம் வந்திருக்கு, பாவம்" என்றார் அந்த அம்மா. பையன் ஒன்றும் பேசவில்லை. நோட்டில் கோடு கோடாகப் போட்டு எண்ணிக்கொண்டே இருந்தான்.

திரும்பும் வழியில் கோலா லிங்கி கழிமுகத்தில் இறங்கினோம். புதிதாகப் பறவை பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம். நீர் வற்றிச் சேறு தெரியும் நேரத்தில் போங்கள். வற்றும் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நீர் ஏற ஏறப் பறவைகள் தாமாகவே கரைப்பக்கம் நகர்ந்து வரும், நாம் துரத்திப் போகத் தேவையில்லை. சிவந்த காலோடு நடப்பது, வளைந்த நீள அலகால் சேற்றைக் கிளறுவது, வெள்ளைக் கொக்கு, மீன்கொத்தி என்று முதல் நாள் நான்கைந்து அடையாளம் போதும். தூரநோக்கி ஒன்று இருந்தால் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வெயிலை முதுகுக்கு வைத்து நில்லுங்கள். லிங்கி ஆற்றில் முதலை உண்டு, பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று: குஞ்சைத் தூக்குகிற பருந்தும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். சின்னக் குஞ்சுகளைக் கூடையால் கவிழ்த்து வையுங்கள், லாஸ்டிக் வேண்டாம். மார்ச்சில் உங்கள் தோட்டத்துக்கு மேலே எத்தனை பருந்து போயின என்று தேதி போட்டு எழுதியனுப்புங்கள். அந்தப் பையனின் கணக்கு அன்று 87.