எட்ட நின்று எடுக்கலாமா?

டெலி லென்ஸ் வாங்கினவனுக்கு முதல் ஒரு வாரம் ஊரே பக்கத்தில் நகர்ந்து வந்துவிட்ட மாதிரி இருக்கும். கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி, கோபுரத்துப் புறா, எதிர் மாடியில் காயும் வடகம், எல்லாம் கைக்கு எட்டும். நானும் இந்த வருஷம் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவன்தான். கேமரா, மாமா பையன் கொடுத்த பழைய டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ் மட்டும் புதுசு: 55-250 மி.மீ. முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போய், பந்தி பரிமாறிச் சேர்த்த காசு. நம் வகுப்பில் அதைத் தொட்டுப் பார்க்காத ஆள் இல்லை. எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எவ்வளவு தூரம்டா இழுக்கும்?"

நண்பர்களே, இந்த மலரில் உங்கள் முன் நான் வைக்க விரும்புவது வேறு கேள்வி. எதைத் தூரத்தில் நின்று இழுக்கலாம்? எதை இழுக்கக் கூடாது?

முதலில் கொஞ்சம் தொழில்நுட்பம். டிப்ளமோ படிக்கிற நாம் அதை விட்டுவிட்டால் சார்கள் கோபித்துக்கொள்வார்கள். 250 மி.மீ. குவியத் தூரமுள்ள ஒற்றை லென்ஸை வைத்துத் தொலைவில் இருப்பதைப் படம் எடுத்தால், லென்ஸுக்கும் பிம்பத்துக்கும் நடுவே கால் மீட்டர் இடைவெளி வேண்டும். முன்னால் ஒளியைக் குவிக்கும் தொகுதி, பின்னால் ஒளியை விரிக்கும் தொகுதி என்று அமைத்தால் அந்த நீளம் குறைந்துவிடும். இதுதான் டெலிஃபோட்டோவின் சூட்சுமம். 1891-ல் இங்கிலாந்தில் டால்மேயரும், ஜெர்மனியில் மீத்தேயும் ஷ்டைன்ஹைலும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள்.

பழகும்போது மூன்று விஷயம் உடனே தெரியவரும். ஒன்று, ஆட்டம். என் கேமராவின் சென்சார் சின்னது. கணக்கு போட்டால் 250-ஐ 1.6-ஆல் பெருக்க 400 வரும். அதாவது ஷட்டர் வேகம் 1/400 வினாடிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஆட்டம் தடுக்கும் வசதி லென்ஸிலேயே உண்டு என்பார்கள். அது நம் கை நடுக்கத்தைத் தாங்கும். பறக்கிற கொக்கை நிறுத்தி வைக்காது. இரண்டு, வெளிச்சம். முழுக்க நீட்டினால் துவாரம் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது; பொழுது சாய்ந்தால் படமும் சாய்ந்துவிடும். மூன்று, காற்று. உச்சி வெயிலில் அறுப்பு முடிந்த வயலுக்கு மேலே கானல் நெளியும். அப்போது ஸ்டாண்டு போட்டாலும் படம் கூர்மையாக வராது. காலையிலேயே எழுந்து போக வேண்டியதுதான்!

இதெல்லாம் ஒரு மாதம் பழகினால் வந்துவிடும். பழகினாலும் தானாக வராத ஒன்று இருக்கிறது. எங்கே நிற்பது என்ற புத்தி.

பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். 1010-ல் கட்டி முடிந்த, சுமார் 200 அடி உயர விமானம். அதன் வடக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் மாதிரி ஓர் உருவம் இருக்கிறது. கீழே நின்று பார்த்தால் கழுத்து வலிக்குமே தவிரச் சரியாகப் பிடிபடாது. டெலி லென்ஸ் அங்கே உபகாரி. ஆனால் விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுக்கு அது எதற்கு? சென்னை ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல் தஞ்சாவூருக்கு வந்தார். டெலி லென்ஸ் பிறக்க இன்னும் 33 வருஷம் இருந்த காலம். காகித நெகட்டிவ். மனிதர் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்தார். 21 படங்களை ஒட்டியபோது சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படம் கிடைத்தது. காலால் போக முடிகிற இடத்துக்குக் கால்தான் லென்ஸ் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பறவை விஷயம் நேர் எதிர். அங்கே நாம் போகக் கூடாது. மன்னார்குடி ரோட்டில் இருக்கும் வடுவூர் ஏரி 1999-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருக்கையில் போனால் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் என்று கண்ணுக்கு விருந்துதான். கூட்டுக்குப் பக்கத்தில் ஆள் போனால் தாய்ப்பறவை எழுந்துவிடும். அந்தச் சில நிமிஷம் போதும், காக்கை முட்டையைத் தூக்கிக்கொண்டு போக. வெயில் குஞ்சைச் சுட்டுவிட. ஆகவே பறவைக்கு நாம் காட்டும் மரியாதை தூரம். அந்தத் தூரத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் டெலி லென்ஸ்.

இந்தத் துறையில் நம்மவர் ஒருவரை மறக்கக் கூடாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996). காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். பல பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிக்கொண்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று செல்லப்பெயர் வைத்திருந்தார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-லிருந்து சாகும்வரை இயற்கையைப் பற்றி எழுதினார். அவர் படங்களில் தெரிவது கருவியின் விலை அல்ல. அந்த மிருகத்தைப் பற்றி அவருக்கு இருந்த ஞானம்.

கல்லாயிற்று, பறவையாயிற்று. இனி மனிதர்கள். நான் எழுத வந்ததே இதற்காகத்தான்.

நம் டெல்டா மேடு பள்ளம் இல்லாத பூமி. ரோட்டில் நின்றால் அரை மைல் தூரம் கண்ணை மறைக்க ஒன்றும் இருக்காது. டெலி லென்ஸ்காரனுக்கு இதைவிடச் சௌகரியமான ஊர் கிடையாது. காரை நிறுத்த வேண்டியது, கண்ணாடியை இறக்க வேண்டியது, எடுக்க வேண்டியது, போக வேண்டியது. செருப்பில் சேறு படாது.

எங்க அம்மா நடவுக்குப் போறவங்க. போன சம்பாவில் ரோட்டோர வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து நின்றதாம். ஒருவர் இறங்கி, ஸ்டாண்டு போட்டு, முழங்கை நீள லென்ஸை மாட்டி, அரை மணி நேரம் எடுத்தாராம். வரப்பில் ஒரு அடி வைக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து நிற்கிற வேலை அது. ராத்திரி சோறு போடும்போது அம்மா கேட்டாங்க: "யாருடா அவரு? அந்தப் படத்துக்குக் கீழ என்ன எழுதிப் போடுவாரு? எங்க மூஞ்சி தெரியுமா, முதுகு மட்டும்தான் தெரியுமா?"

என்ன எழுதிப் போடுவார் என்று நமக்குத் தெரியாதா? 'உழைப்பு' என்று போடுவார். இல்லாவிட்டால் 'சோறு போடும் கைகள்'. எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் இந்தத் தலைப்பில் ஒரு படம் மாட்டியிருக்கும். எடுத்தவர் பேர் இருக்கும், கேமரா பேர் இருக்கும், ஷட்டர் வேகம்கூட இருக்கும். அந்தக் கைகளுக்கு மட்டும் பேர் இருக்காது!

'அப்படியானால் பக்கத்தில் போய் எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?' என்று கேட்பீர்கள். அதுவும் போதாது. 1936 மார்ச்சில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகள் தங்கியிருந்த முகாமில் டோரதியா லாங்கே ஒரு தாயைப் படம் எடுத்தார். கிட்டத்தில் போய்த்தான் எடுத்தார். உலகப் புகழ்பெற்ற படம் அது. படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு உணவு போனதும் உண்மை. அதற்குள் அந்தத் தாய் வேறு ஊருக்குக் கிளம்பியிருந்தார். லாங்கே அவர் பேரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பேர் வெளியே தெரிந்தது 1978-ல். நாற்பத்திரண்டு வருஷம் உலகமே பார்த்த முகம், பேரில்லாமல் இருந்திருக்கிறது! அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். இத்தனைக்கும் லாங்கே நல்ல எண்ணத்தோடு எடுத்தவர். நல்ல எண்ணம் இருந்தும் பேர் விட்டுப்போயிற்று என்றால், நாம் எம்மாத்திரம்?

நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு: "கேட்டுட்டு எடுத்தா இயல்பா இருக்காதுடா. போஸ் குடுத்துடுவாங்க." இது வயலைப் பார்க்காதவர் பேச்சு. ஒப்பந்தத்துக்கு எடுத்த நடவு என்றால் வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். போஸ் கொடுத்துக்கொண்டு நிற்க யாருக்கு நேரம்? முதல் பத்து நிமிஷம் சிரிப்பார்கள், கிண்டல் பண்ணுவார்கள், "எந்த ஊரு தம்பி, யாரு வூட்டுப் புள்ள?" என்று விசாரிப்பார்கள். பிறகு அவரவர் வேலையில் இறங்கிவிடுவார்கள். அப்போது வரப்பில் உட்கார்ந்து 250-க்கு நீட்டுங்கள். நாற்றை முறித்து ஊன்றும் விரல், காதோரம் வழியும் வேர்வை, எல்லாம் கிடைக்கும். டெலி லென்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. முதலில் பேசிப் பழகிவிட்டு, அப்புறம் விலகி நின்று எடுங்கள் என்கிறேன். 'வேண்டாம் தம்பி' என்று சொன்னால் மூடியைப் போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. நடவு இயந்திரம் நம் வயல்களுக்கு வந்துவிட்டது. நாளைக்கு அதை ரிப்பேர் பார்க்கப் போகிறவர்கள் நம்மில் சிலராகவே இருக்கலாம். கை நடவு குறையக் குறைய, இன்றைக்கு நாம் எடுக்கும் படம் பின்னால் சாட்சியாகிவிடும். யார் நட்டார்கள் என்று நம் பிள்ளைகள் கேட்டால், முதுகைக் காட்டிப் பயனில்லை.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள். புகைப்படப் போட்டி நடத்தும்போது மூன்று விதி சேருங்கள். கூட்டில் இருக்கும் பறவையைக் கிட்டப் போய் எடுத்த படத்துக்குப் பரிசு கிடையாது. மனிதர் படம் என்றால், அவர் சம்மதத்தோடு பேரும் ஊரும் படத்தின் கீழே இருக்க வேண்டும். பேர் வேண்டாம் என்று அவரே சொன்னால் அதையும் எழுத வேண்டும். நடுவர் கைக்குப் போகுமுன் ஒரு பிரிண்ட் அந்த மனிதர் கைக்குப் போயிருக்க வேண்டும். டீக்கடையில் நாம் ஒரு நாள் செலவழிக்கிற காசுதான் ஆகும்.

என் லென்ஸ் வேண்டுகிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம், தருகிறேன். வாடகை வேண்டாம். திருப்பிக் கொடுக்கும்போது, யாரை எடுத்தீர்களோ அவர் பேரை மட்டும் எனக்குச் சொல்ல வேண்டும்.

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)